வாங்கிக்கொள்ளத் தெரியாத பெரியவர்கள்

ஒன்றரை வயதுக் குழந்தை, தான் பாதி கடித்த ரொட்டித் துண்டை நம் முன்னே நீட்டும்போது நாம் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறோம். "வேணாம் சாமி, நீ சாப்புடு." அன்பினால் சொல்கிறோம். பிள்ளையின் வயிறு நிறையட்டும் என்ற எண்ணத்தில் சொல்கிறோம். எச்சில் ரொட்டி என்ற சிறு தயக்கமும் அதில் கலந்திருக்கலாம். குழந்தை ஒரு கணம் நம் முகத்தைப் பார்க்கிறது. பின்னர் நீட்டிய கையை மடக்கிக்கொள்கிறது. மூன்று வயதானதும் அதே பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, "தம்பிக்கும் குடு, பங்கு போட்டுச் சாப்பிடப் பழகு" என்று பாடம் நடத்துகிறோம். அது தானாகவே தர வந்த காலத்தில் வாங்க மறுத்தவர்கள் நாம்தான் என்பது நம் நினைவில் இருப்பதில்லை.

சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மனத்தை எப்படி ஊட்டுவது என்று கேட்டால் சிலர் அறநூல்களை எடுத்துச் சொல்வார்கள். வேறு சிலர் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதையைச் சொல்வார்கள். அழகான கதைதான். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையிடம் தேர் இல்லை. எங்கள் தோட்டத்துப் பிள்ளையிடம் பல வேளைகளில் தனக்கென்று ஒரு பந்துகூட இல்லை. கொடையைப் பற்றி நம்மிடம் உள்ள கதைகள் பெரும்பாலும் உடையவர்களின் கதைகள். உடைமை குறைந்த இடத்தில் கொடையை எங்கிருந்து தொடங்குவது? ஊவாவின் தோட்டங்களை முன்வைத்து இந்தக் கேள்வியை எழுப்ப விரும்புகிறேன். விடை, மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள்ளே பாயில் உட்கார்ந்து ஆடும் மிகச் சாதாரணமான விளையாட்டுகளில் இருக்கிறது என்பது என் கருத்து. அந்த விளையாட்டுகளில் பெரியவர்கள் ஏற்க வேண்டிய பாத்திரம், வாங்கிக்கொள்பவரின் பாத்திரம்.

மழையும் காம்பராவும்

மலைநாட்டின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் ஊவாவில் வறண்ட காற்று வீசும். உலகச் சந்தையில் பெயர்பெற்ற ஊவாத் தேயிலையின் மணம், ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்தக் காற்றில் பிறப்பது. எங்களுக்குப் பெருமழை வருவது பின்னால்தான். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கங்களில் நாட்கணக்கில் மழையும் மூட்டமுமாகவே இருக்கும். கொழுந்து பறிக்கும் பெண்கள் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்கள். நடை பழகிய பிள்ளைகளுக்கு அந்த மாதங்களில் வாசலும் இல்லை, மைதானமும் இல்லை. உள்ளேதான் இருந்தாக வேண்டும்.

உள்ளே என்றால் இரண்டே இடங்கள். ஒன்று லயத்துக் காம்பரா. மற்றது பிள்ளை மடுவம். பழைய லயத்தில் ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி; அதன் முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. சமையலும் படுக்கையும் படிப்பும் நோயும் அதற்குள்ளேதான். பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் 1934 இல் பிறந்து 2022 இல் மறைந்த தெளிவத்தை ஜோசப், 'மீன்கள்' என்ற சிறுகதையில் இந்த இடநெருக்கடி ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தை என்ன பாடு படுத்துகிறது என்று எழுதினார். பெரியவர்களுக்கே தமக்கென்று ஒரு மூலை இல்லாத இடத்தில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு எங்கே மூலை கிடைக்கும்?

பிள்ளை மடுவத்தின் கதை வேறு. காலையில் பிரட்டுக்கு முன்னால் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஆயம்மாவிடம் விட்டுச் செல்வார்கள்; கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு வந்து தூக்கிக்கொள்வார்கள். தாயின் கைகள் மலைக்கு வேண்டும் என்ற தேவையிலிருந்தே அந்தக் கட்டடம் எழுந்தது. பிள்ளையின் வளர்ச்சி அன்றைய கணக்கில் இல்லை. 1992 இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட காலத்தில் தொடங்கி, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று இன்று அறியப்படும் அமைப்பு, பழைய மடுவங்களைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றும் பணியில் ஈடுபட்டு வந்திருக்கிறது. 2015 இல் உலக வங்கியின் நிதியுடன் தொடங்கிய முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தித் திட்டத்திலும் தோட்டங்களுக்கு ஒரு பங்கு இருந்தது. சுவருக்கு வர்ணம் வந்தது. படங்கள் வந்தன. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களும் வந்தார்கள். குறைகள் இல்லாமலில்லை. எனினும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் நாள் முழுவதும் ஒரே கூரையின் கீழ் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு, கொழும்பின் வசதியான வீட்டுக் குழந்தைக்குக்கூடக் கிடைப்பதில்லை. அந்த வாய்ப்பை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 17 வீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை வளர்ச்சி குன்றியிருக்கும் இடத்தில் ஈகையைப் பற்றிப் பேசுவது அறமா என்று யாரும் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பிள்ளையின் தட்டில் போதிய சோறும் பருப்பும் முட்டையும் இருப்பது முதற்கடமை. அதற்கு ஈடாக எந்த விளையாட்டையும் யாரும் முன்வைக்க முடியாது. ஆனால் வறியவரின் பிள்ளைக்கு உணவு மட்டும் போதும், மற்ற மனவளங்கள் எல்லாம் வசதி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதும் ஒருவகை இழிவுதான். திரிபோஷாப் பொதியைக் கையில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்துவிட்டது என்று எண்ணும் மனநிலை அது.

'என்னுடையது' என்ற சொல்

குழந்தை பிறக்கும்போதே தன்னலம் கொண்டது, அதை அடித்துத் திருத்தி ஈகையைப் புகுத்த வேண்டும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. 2012 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாரா அக்னின், கைலி ஹாம்லின், எலிசபெத் டன் ஆகிய மூவரும் இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். குழந்தையின் கிண்ணத்தில் சில பிஸ்கட்டுகள் போடப்பட்டன. எதிரே ஒரு கைப்பொம்மை. குழந்தை பிஸ்கட்டைப் பெற்றபோது இருந்த முகமலர்ச்சியைவிட, பொம்மைக்குக் கொடுத்தபோது இருந்த மலர்ச்சி அதிகமாக இருந்தது. அதிலும், வேறெங்கிருந்தோ எடுத்துத் தரப்பட்ட பிஸ்கட்டைக் கொடுத்ததைவிடத் தன் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது மலர்ச்சி இன்னும் கூடியிருந்தது.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். 'தன் கிண்ணத்திலிருந்து.' கொடுப்பதன் இன்பம், தன்னுடையதைக் கொடுக்கும்போதுதான் முழுமையடைகிறது. அப்படியானால் முதலில் 'தன்னுடையது' என்று ஒன்று இருக்க வேண்டும்.

இரண்டாவது ஆய்வு 2013 இல் வெளிவந்தது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாடியா செர்னியாக்கும் தமார் குஷ்னிரும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் ஒட்டுப்படங்களைக் கொடுத்தார்கள். வருத்தமாக இருக்கும் ஒரு பொம்மைக்கு அதைக் கொடுக்கலாம், அல்லது தாமே வைத்துக்கொள்ளலாம் என்று சில பிள்ளைகளுக்குத் தெரிவு விடப்பட்டது. வேறு சிலரிடம் கொடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லப்பட்டது. பின்னர் இன்னொரு பொம்மை வந்தபோது அதிகமாகக் கொடுத்தவர்கள், முதலில் தாமாகத் தெரிவு செய்து கொடுத்த பிள்ளைகளே. பறித்துக் கொடுக்கவைத்தால் பழக்கம் வராது. கொடுக்காமலும் இருக்கலாம் என்ற உரிமையோடு கொடுத்தால்தான் அது மனத்தில் தங்குகிறது. 2008 இல் ஜெர்மனியில் பெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கல் தொமசெல்லோவும் கண்டது இதன் மறுபக்கம். இருபது மாதக் குழந்தைகள் தாமாகவே பிறருக்கு உதவினார்கள். உதவிக்குப் பரிசுப் பொருள் கொடுக்கத் தொடங்கியதும், பிறகு பரிசு இல்லாதபோது உதவுவது குறைந்துவிட்டது. "தம்பிக்குக் குடுத்தா டொபி தருவேன்" என்று சொல்லும் தாய்மார் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இவை சிறு எண்ணிக்கையான பிள்ளைகளை வைத்து, நம் லயத்துக்கு வெகு தொலைவில் நடந்த சோதனைகள். எனினும் பிள்ளை மடுவத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தவர்கள் எவரும் இவற்றைக் கேட்டு வியப்படைய மாட்டார்கள். இரண்டு வயதில் பிள்ளை முதலில் உரக்கச் சொல்லும் சொற்களுள் ஒன்று 'எனது'. அந்தச் சொல்லைக் கேட்டதும் நாம் முகம் சுளிக்கிறோம். கொடைக்கு எதிரான சொல் என்று அதை நினைக்கிறோம். உண்மையில் கொடையின் முதற்படி அதுதான். 'எனது' என்பது என்னவென்று தெரிந்த பிள்ளைக்கே 'உனக்கு' என்பதன் பொருள் விளங்கும்.

இங்கே தோட்டத்தின் வரலாறு குறுக்கே வந்து நிற்கிறது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்த நாடு உங்களுடையதல்ல என்றது. காம்பரா கம்பனியுடையது. மலை கம்பனியுடையது. இந்த மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகளானதை 2023 இல் நினைவுகூர்ந்தபோதும், தாம் வாழும் இடத்துக்கு உறுதி இல்லாத குடும்பங்களே பெரும்பான்மையாக இருந்தன. பெரியவர்களுக்கே 'எனது' என்ற சொல் மறுக்கப்பட்ட இடத்தில் பிள்ளையின் 'எனது' எளிதில் அடிபட்டுப் போகும். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன தாய் அனுப்பிய பொம்மை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. அம்மாயி அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். பிள்ளை அதை நாள்தோறும் பார்க்கிறது, தொட்டதில்லை. அது பிள்ளையின் பொருள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிள்ளைக்கு மட்டும் அது தெரியாது.

பாயில் ஆடும் ஆட்டங்கள்

இனி விளையாட்டுக்கு வருவோம். இவற்றுக்குக் காசு தேவையில்லை. பெரிய இடமும் தேவையில்லை. ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். பல, நம் பாட்டிமார் பெயரிடாமல் ஆடியவை.

முதலாவது, 'இந்தா – தா'. பத்து மாதக் குழந்தையோடும் ஆடலாம். தமிழ்க் குழந்தைகள் மிக முன்னதாகக் கற்கும் சொற்களில் இவ்விரண்டும் உண்டு. குழந்தை ஒரு மூடியையோ கரண்டியையோ நீட்டும். இரு கைகளாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மகிழ்ச்சியை முகத்தில் காட்டுங்கள். உடனே 'இந்தா' என்று திருப்பிக் கொடுங்கள். ஆட்டம் அவ்வளவுதான். கொடுத்தது தொலைந்து போகவில்லை, திரும்பி வருகிறது என்ற நம்பிக்கை இங்கேதான் பிறக்கிறது. சில பெரியவர்கள் வேடிக்கைக்காக வாங்கியதை ஒளித்து வைத்துக் குழந்தையை அழவைத்துச் சிரிப்பார்கள். ஈகையை முளையிலேயே கிள்ளும் செயல் அது.

இரண்டாவது, பந்து உருட்டுதல். பழைய சீலைத் துண்டுகளைச் சுருட்டிக் கட்டிய பந்து போதும். கால்களை அகட்டி வட்டமாக உட்கார்ந்து, பெயர் சொல்லி உருட்ட வேண்டும். தன் பெயர் வரும் வரை காத்திருப்பதும், வந்த பந்தை வைத்துக்கொள்ளாமல் இன்னொரு பெயருக்கு அனுப்புவதும் இதில் உள்ள பாடங்கள். யாரும் வெல்வதில்லை, யாரும் தோற்பதில்லை. பந்து ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து போர்க்காலத்தை இந்தியாவில் கழித்த மரியா மொன்டிசோரி, தம் வகுப்பறைகளில் ஒவ்வொரு கருவியையும் ஒன்றுக்கு மேல் வைக்காததன் காரணம் இதுவே. ஒன்று மட்டும் இருக்கும்போது பிள்ளை மற்றவருக்காகக் காத்திருக்கப் பழகுகிறது. மொன்டிசோரி என்ற பெயரைப் பலகையில் எழுதிய பள்ளிகள் நம் ஊர்களில் ஏராளம். அவர் சொன்ன இந்தச் சிறு விடயத்துக்குப் பலகையும் வேண்டாம், பணமும் வேண்டாம். வறுமையால் ஒன்று மட்டும் வைத்திருக்கும் பிள்ளை மடுவத்தில், அந்த ஒன்றையே ஒரு நெறியாக மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, சோறாக்கி விளையாடுதல். சிரட்டைகளும் வெறும் டின்களும் கொஞ்சம் கொழுந்து இலைகளும் இருந்தால் சமையல் நடந்துவிடும். ஆக்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் கவனம் வேண்டும். பிள்ளை சிரட்டையில் கொண்டுவந்து நீட்டும் வெறுங்காற்றை ஆயம்மா ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று கேட்க வேண்டும். தான் கொடுத்ததை ஒருவர் உண்டு மகிழ்கிறார் என்ற காட்சியைவிடப் பெரிய பாடநூல் இரண்டு வயதுக்குக் கிடையாது. பையன்களும் இதில் ஆக்க வேண்டும், பரிமாற வேண்டும். அவர்களைக் கடைக்காரராகவும் பேருந்துச் சாரதியாகவும் மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது.

நான்காவது விளையாட்டும் வேலையும் கலந்தது. நாளுக்கொரு பிள்ளை 'பங்கு வைக்கும் பிள்ளை'. தேநீர் வேளையில் கை கழுவிவிட்டு, ஆயம்மா பிய்த்து வைத்த ரொட்டித் துண்டுகளை ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலை. கடைசித் துண்டு அதற்கு. அந்தத் துண்டு மற்றவற்றைவிடச் சிறியதாக இருந்துவிடாமல் ஆயம்மா பார்த்துக்கொள்ள வேண்டும். கொடுப்பவன் பசியோடு நிற்க வேண்டும் என்ற பாடத்தை எந்தப் பிள்ளைக்கும் கற்பிக்கக் கூடாது.

ஐந்தாவது, குளிர்கிற பொம்மை. பழைய துணியில் கட்டிய பொம்மை ஒன்று. மழை நாளில் அதற்குக் குளிர்கிறது. "பாப்பாவுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒரு பிள்ளை துவாயைக் கொண்டுவரும். இன்னொன்று தன் தொப்பியைக் கழற்றும். வேறொன்று ஒன்றும் செய்யாது. ஒன்றும் செய்யாத பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். பிறருடைய உணர்வுக்குப் பெயர் சொல்லப் பழகும் பிள்ளைகளே முன்னதாகப் பகிரத் தொடங்குகிறார்கள் என்று பிற்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சீலியா பிரவுனெல் குழுவினர் 2013 இல் எழுதினார்கள். படப்புத்தகம் பார்க்கும்போது தாமே சொல்லிக்கொண்டு போகும் பெற்றோரைவிட, "இந்தப் பிள்ளை ஏன் அழுகிறது?" என்று குழந்தையிடமே கேட்கும் பெற்றோரின் பிள்ளைகள் அதிகம் உதவினார்கள். புத்தகம் இல்லாத இடத்தில் துணிப் பொம்மை அதே வேலையைச் செய்யும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக ஒன்று வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெட்டி. சப்பாத்துப் பெட்டியாகவோ பிஸ்கட் டின்னாகவோ இருக்கலாம். மேலே பிள்ளையின் படமோ ஒரு பூவோ ஒட்டப்பட்டிருக்க வேண்டும். உள்ளே இருக்கும் இரண்டு மூன்று பொருள்கள் அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உரியவை. அதன் சம்மதமின்றி ஆயம்மாவும் தொடக் கூடாது. மடுவத்தின் பொதுப் பொருள்கள் எல்லோருக்கும். பெட்டிக்குள் இருப்பவை பிள்ளைக்கு. பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து அடுத்த பிள்ளையிடம் நீட்டும் நாள் தானாக வரும். வரவில்லை என்றாலும் குடி முழுகிவிடாது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: பொத்தான், புளியங்கொட்டை, தேயிலை விதை போன்ற சின்னப் பொருள்களை மூன்று வயதுக்குட்பட்டவர்களின் கைக்கு எட்டவிடாதீர்கள். வாயில் போட்டுத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

அக்காவின் பங்கு

நமது சமூகத்தில் ஈகை என்ற பாடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் நடத்தப்படுவதில்லை. லயத்தில் நான்கு வயதுப் பெண்பிள்ளைக்கும் இரண்டு வயது ஆண்பிள்ளைக்கும் ஒரு பொருளுக்குச் சண்டை வந்தால், தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. "நீ அக்காதானே, குடுத்துரு." அக்காவுக்கு நான்கு வயது. அவளும் குழந்தைதான். ஆனால் அவள் கொடுத்தாக வேண்டும். தம்பி வாங்கியாக வேண்டும். பின்னர் அவளே வளர்ந்து கொழுந்து பறிக்கிறாள். வேலை முடிந்து வந்து எல்லோருக்கும் ரொட்டி சுட்டுக் கொடுத்து, கடைசியில் மிஞ்சியதை உண்கிறாள். அவளை நாம் தியாகத்தின் வடிவம் என்று மேடைகளில் போற்றுகிறோம்.

தெரிவு இல்லாமல் கொடுப்பதற்கு ஈகை என்ற பெயர் பொருந்தாது. அது பணிவிடை. முன்னே சொன்ன விளையாட்டுகளில் பெண்பிள்ளைக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமையும், ஆண்பிள்ளைக்குப் பரிமாறும் கடமையும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். "அக்காவின் ஆட்டம் முடியட்டும், நீ பொறு" என்ற ஒரு வாக்கியத்தைத் தம்பி இரண்டு வயதில் கேட்டுப் பழகினால், இருபது வயதில் வேறு பல வாக்கியங்களை அவனுக்குச் சொல்ல வேண்டியிராது.

கமராவுக்கு முன்னால்

மலையகப் பிள்ளைகளுக்கு நன்கொடைகள் வராமலில்லை. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியபோது நாடெங்கும் இருந்து பொருள்கள் வந்து குவிந்தன. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியோடு வந்த மழையிலும் மண்சரிவிலும் பதுளை மாவட்டம் பெரிதும் அடிபட்டபோதும் வந்தன. உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவை உயிர் காத்தவை. என் கேள்வி பேரிடர் நாட்களைப் பற்றியதல்ல. சாதாரண நாட்களில், ஒரு பிறந்தநாளையோ நினைவு தினத்தையோ முன்னிட்டு வந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பொதியின் ஒரு முனையைப் பெரியவரும் மறுமுனையைப் பிள்ளையும் பிடித்திருக்க எடுக்கப்படும் படங்களைப் பற்றியது.

அந்தப் படத்தில் பிள்ளை என்ன கற்கிறது? உலகத்தில் கொடுப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவர்கள் வெளியிலிருந்து வாகனத்தில் வருவார்கள். வாங்குபவர்கள் என்று ஓர் இனம் உண்டு; அது நாம். பேச்சு வருவதற்கு முன்பே இந்தப் பாடம் ஏறிவிடுகிறது. வந்தவரிடம் பிள்ளை ஏதாவது ஒன்றை நீட்டினால், ஒரு புளித்த கொய்யாவையோ நசுங்கிய பூவையோ நீட்டினால், அதை வாங்கிக்கொள்ள அவருக்கு நேரமில்லை. பரிதாபம் ஒருவழிப் பாதை. திரும்பி வரும் கையை அது பார்ப்பதில்லை.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் இதில் ஒரு வேண்டுகோள். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் உங்கள் வீட்டு அறை நிறைய விளையாட்டுப் பொருள்கள் இருக்கின்றன. எதுவும் யாருக்கும் கொடுக்கத் தோன்றாத அளவுக்கு இருக்கின்றன என்று நீங்களே கவலைப்படுகிறீர்கள். பழையவற்றைக் கட்டி மலையகத்துக்கு அனுப்பினால் பிள்ளைக்கு ஈகை வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எதை அனுப்புவது என்பதை உங்கள் பிள்ளையே தெரிவு செய்யட்டும். அதற்குப் பிடித்த ஒன்றைக் கொடுக்க மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். நேரில் வரும்போது கொண்டுவருவதை மடுவத்தின் 'பங்கு வைக்கும் பிள்ளை'யிடம் கொடுங்கள். விநியோகம் அதன் கையால் நடக்கட்டும். படம் எடுக்காதீர்கள். பாயில் உட்காருங்கள். சிரட்டையில் வரும் தேநீரைக் குடியுங்கள்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்கு நடத்தும் பயிற்சிகளில் எழுத்தும் எண்ணும் பாட்டும் இடம்பெறுவதுபோல், பகிர்ந்து ஆடும் விளையாட்டுக்கும் பிள்ளையிடமிருந்து வாங்கிக்கொள்ளும் முறைக்கும் ஒரு நாளை ஒதுக்கலாம். தோட்ட நிருவாகங்கள் ஒவ்வொரு நிலையத்திலும் பிள்ளைக்கொரு பெட்டி வைக்கும் தட்டு ஒன்றை அடித்துக் கொடுக்கலாம். தேயிலைப் பெட்டி அடித்துப் பழகிய கைகளுக்கு அது ஒரு நாள் வேலை. தாய்மார் மாலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அந்தப் பத்து நிமிட நடையில், "இன்னைக்கு யாருக்கு என்ன குடுத்த?" என்று கேட்கலாம். "என்ன சாப்பிட்ட?" என்ற கேள்விக்குப் பிறகு அதையும் கேட்கலாம்.

பிறரிடமிருந்து பெறுவதற்கென்றே பிறந்தவர்கள் என்று ஒரு சமூகத்தைப் பற்றி உலகம் எண்ணத் தொடங்கிவிட்டால், அந்த எண்ணத்தைப் பின்னர் எந்தத் தேர்தலாலும் எந்தச் சம்பள உயர்வாலும் முற்றாக மாற்றிவிட முடியாது. தன்னிடம் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று இரண்டு வயதில் அறிந்துகொண்ட பிள்ளை, தலைநிமிர்ந்து கேட்கவும் பின்னாளில் கற்றுக்கொள்ளும். தேயிலையின் பெயரால் இந்த நாட்டுக்கு 150 ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடுத்துக்கொண்டிருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். கொடுப்பது அவர்களுக்குப் புதிதல்ல. அதை வாங்கிக்கொண்டோம் என்று ஒருவராவது அவர்கள் முகம் பார்த்துச் சொல்வதுதான் புதிது.